ஈவிக்கு ஈவி டயர்தான் போட வேண்டுமா?

ஈவி என்றால் பேட்டரியில் ஓடும் மின்சார வண்டி. என்னுடையது டாடா நெக்ஸான் ஈவி. அதற்கும் பெட்ரோல் நெக்ஸானின் மேல் வேரியன்ட்களுக்கும் டயர் அளவு ஒன்றுதான்: 215/60 ஆர்16. ஆகவே கம்பெனி டயர் மொட்டையானதும் எனக்கு இரண்டு வழி இருந்தது. ஈவிக்கென்றே விற்கும் டயர் ஒன்று. அதே அளவில் எல்லாக் காருக்கும் போகிற சாதாரண டூரிங் டயர் இன்னொன்று. நான்கையும் சாதாரண டயராகவே மாற்றிவிட்டேன்.

ஈவி டயர் வெறும் விளம்பரம் என்று சொல்ல வரவில்லை. பேட்டரி இருப்பதால் வண்டி கனம். பெட்ரோல் நெக்ஸானின் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை, 170 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 1,750 சுற்றைத் தொட்ட பிறகு. இன்றைய நெக்ஸான் ஈவியில் 215, பெடலை மிதித்த உடனே. இழுப்பதும் முன் சக்கரம், ரீஜெனில் (காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புவது) பிடித்து நிறுத்துவதும் அதே முன் சக்கரம். முன்னால் பட்டன், அதாவது டயர் மேலே சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள், சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியமில்லை. இதற்காகத்தான் ஈவி டயரில் பக்கச்சுவரைக் கெட்டியாக்குகிறார்கள், உருளும்போது சக்தி அதிகம் வீணாகாத ரப்பர் கலவையைப் போடுகிறார்கள். இன்ஜின் இரைச்சல் இல்லாத வண்டியில் டயர் சத்தம் தனியாகக் கேட்கும் என்பதால் சிலவற்றில் உள்ளே ஃபோம் வேறு ஒட்டி வரும்.

ஃபோம் டயரை நான் ஓட்டியதில்லை, எவ்வளவு அமைதி என்று கேட்காதீர்கள். ஆனால் பஞ்சரானால் அந்த இடத்து ஃபோமை வெட்டிச் சுரண்டி எடுத்த பிறகுதான் உள்பக்கம் பேட்ச் ஒட்ட முடியும். நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடையில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

வீல் விஷயம் சின்னது. ஈவி அலாய் வீலின் முகம் பெரும்பாலும் மூடினாற்போல இருக்கும். காற்று வழுக்கிப் போகட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். ரீஜென் பாதி வேலையைச் செய்துவிடுவதால் பிரேக் அதிகம் சூடாகாது, அதனால் மூடினாலும் பாதகமில்லை. 80க்கு மேல் தொடர்ந்து ஓட்டினால்தான் இதன் பலன் தெரியும். ஊருக்குள் பார்வைக்கு மட்டும். மழைக்காலத்தில் உள்ளே சேறு அப்பிக்கொண்டு ஸ்டீயரிங் நடுங்கினால், பேலன்சிங்குக்குக் காசு கொடுக்கும் முன் பைப்பைப் பிடித்து உள்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது கிலோமீட்டருக்கு என்ன செலவு என்கிற கணக்கு. ஈவியில் இன்ஜின் ஆயில் மாற்றும் வேலை இல்லை, பிரேக் பேடும் லேசில் தீராது. பராமரிப்பில் மிஞ்சுகிற பெரிய செலவு டயர்தான். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர், வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்று வையுங்கள். 40,000 கிலோமீட்டருக்குக் கரண்ட் செலவு ஏறத்தாழ 46,000 ரூபாய். சாதாரண டயரால் அது 5 சதவீதம் கூடினாலும் 2,300 ரூபாய்தான். டயர் ஒன்றுக்கு 570 சொச்சம். ஈவி டயர் ஒன்றின் விலை சாதாரண டயரைவிட இந்த 570க்கு மேல் கூடுதல் என்றால், மிச்சமாகிற கரண்ட் அந்தக் கூடுதலை ஈடுகட்டாது.

அடுத்தது ஆழம். உருளும் தடையைக் குறைக்க, சில டயர்களில் பட்டன் ஆழத்தையே புதிதிலேயே கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் டயர் முடிந்தது. 8 மில்லிமீட்டர் டயரில் தேய 6.4 இருக்கிறது, 7 மில்லிமீட்டரில் 5.4தான். ரப்பர் கலவையைப் பொறுத்து ஆயுள் மாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கடைக்காரரிடம் கேஜை வைத்து அளந்து காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். அளந்து பார்த்துத்தான் நான் எடுத்தேன். அப்புறம் முன் பின் மாற்றிப் போடுவதை 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் செய்யுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: பக்கச்சுவரில் உள்ள லோடு எண். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். எக்ஸ்எல் (கூடுதல் பளு தாங்கும் டயர்) குறியோடு 99 என்றால் 775. வண்டிக்குக் கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. மேலே போகலாம், நான் 99 எடுத்தேன். கொஞ்சம் இறுக்கமாக ஓடுகிறது, வேகத்தடைகளில் தெரிகிறது.

புது டயர் போட்டதும் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறையும். உடனே பிராண்டைத் திட்ட வேண்டாம். தேய்ந்த டயர் லேசாக உருளும், புது டயரில் ரப்பர் அதிகம், அதனால் தடையும் அதிகம். பழைய டயரின் கடைசி மாத ரேஞ்சோடு ஒப்பிட்டால் எந்தப் புது டயரும் தோற்றுத்தான் போகும்.

மழைப் பிடிப்பைப் பற்றி இப்போதைக்கு வாய் திறக்க மாட்டேன். இந்த டயரில் நல்ல மழை இன்னும் ஓட்டவில்லை.

என் ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள், சார்ஜ் வீட்டில். வாரந்தோறும் சென்னை, திருச்சி என்று ஓடி ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட்டுக்கு 20 ரூபாய் கொடுப்பவருக்கு மேலே சொன்ன 570 ரூபாய் 1,400ஐத் தாண்டிவிடும், சார்ஜ் போட ஒரு ஸ்டாப்பும் கூடலாம். அவர் ஈவி டயரே எடுக்கட்டும். பின் சக்கரம் இழுக்கிற, 19 அங்குல வீல் போட்ட புது வண்டிகளுக்கும் என் கணக்கு ஒத்துவராது. அந்த அளவில் எந்த டயர் ஊரில் ஸ்டாக் இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.