லேப்டாப்பும் நெட்டும் சேர்த்து 26,500 ரூபாய் போனது. தயவுசெய்து படித்துவிட்டு வாங்கப் போங்கள்

நேற்று மத்தியானம்தான் மதுரையிலிருந்து திரும்பி வந்தேன். இது மூன்றாவது நடை. கடைப் பையன் வாசலிலேயே நிறுத்தி, "ஓனர் இல்லக்கா, வெளியூர் போயிருக்கார்" என்றான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஓனர் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

26,500 ரூபாய். லேப்டாப்புக்கு 19,500, வீட்டு நெட்டுக்கு 7,000. சீட்டு எடுத்த பணம். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன், வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை. எங்களுக்கு அது என்ன பணம் என்று எங்களைப் போல இருப்பவர்களுக்குப் புரியும். கடைப் பெயரை எழுதவில்லை. பழைய கம்பெனி லேப்டாப்புகளை மொத்தமாக எடுத்து, துடைத்து, 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்கும் கடை. அப்படிப்பட்ட கடைகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கின்றன. அதில் நேர்மையாக விற்பவர்களும் உண்டு, என் அண்ணன் மகன் அப்படி ஒரு கடையில் வாங்கியது நான்கு வருஷமாக ஓடுகிறது. அதை நம்பித்தான் நானும் போனேன்.

மகள் பிசிஏ முதல் வருஷம் சேர்ந்திருக்கிறாள். பையன் ஒன்பதாவது. போனை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தினமும் சண்டை. புதுசு வாங்க வேண்டுமென்றால் சுமாரானதே 35,000, 40,000 என்றார்கள். சரி, பழசு போதும் என்று முடிவு செய்து மகளையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறினேன்.

எப்படி நம்பினேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களையும் இப்படித்தான் நம்ப வைப்பார்கள். உள்ளே போனதும் டீ வந்தது. மேஜை மேல் ஒரு லேப்டாப் திறந்திருந்தது. "தங்கச்சி, நீயே ஓட்டிப் பாரும்மா" என்று மகள் பக்கம் திருப்பி வைத்தார். படக்கென்று ஆன் ஆனது. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து அவரே காட்டினார்: இன்டெல் ஐ5 சிப், அதில் எட்டாம் தலைமுறை (எண் கூடக் கூடப் புதுசு), 16 ஜிபி ரேம். மகள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். "எம்பொண்ணும் காலேஜ்தான் படிக்குதுக்கா. அதுக்கு எதைக் கொடுத்தேனோ அதையேதான் உங்களுக்கும் கொடுக்கிறேன்" என்றார். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் நீல மைப் பேனாவால் '1 வருடம் வாரண்டி' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். எழுதிக் கொடுக்கிறவர் ஏமாற்றுவாரா என்று அந்த நிமிஷம் மனசு இறங்கிவிட்டது.

அதற்கு அப்புறம் இரண்டு விஷயம் சொன்னார். இரண்டுக்கும் நான் சரி என்றேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

முதலாவது: "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி வருங்க்கா, 3,500 கூட ஆகும். வேண்டாம்னா இந்த 19,500 ஓட முடிச்சுக்கலாம்." 3,500 மிச்சம் என்று நினைத்து, பில் வேண்டாம் என்று என் வாயாலேயே சொன்னேன். இரண்டாவது: "இது டிஸ்பிளே பீஸ்க்கா, நூறு பேர் கை பட்டது. உள்ளேயிருந்து அதே மாடல் ஃப்ரெஷ்ஷா எடுத்துத் தர்றேன்." பிளாஸ்டிக் உறை சுற்றி, டேப் ஒட்டிய பெட்டி வந்தது. நல்லதுதானே செய்கிறார் என்று வாங்கிப் பையில் வைத்தேன். திறந்து பார்க்கவில்லை. கடைசி பஸ் பயம் வேறு.

கிளம்பும்போது, "வீட்டுல நெட் இருக்காக்கா?" என்றார். இல்லை என்றதும், திண்டுக்கல்லில் தனக்குத் தெரிந்த கேபிள்காரர் இருக்கிறார், ஆறு மாசத்துக்கு 7,000, 100 எம்பிபிஎஸ் வேகம், மோடம், ஃபைபர் இழுக்கிற கூலி எல்லாம் அதிலேயே அடங்கும் என்றார். 10,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். அங்கே கடைப் பெயர் வரவில்லை, ஒரு பெண் பெயர் வந்தது. "வீட்டம்மா அக்கவுண்ட்க்கா" என்றார். மீதி 16,500 ரொக்கம்.

வீட்டுக்கு வந்து திறந்தால், மேஜையில் பார்த்த வேகம் இல்லை. சார்ஜரைக் கழற்றினால் 40 நிமிஷத்தில் அணைந்து போகிறது. ஆறாவது நாள் திரையின் வலது பக்கம் கீழே விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி ஒரு எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் தெரு முனையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் அதை ஆன் கூடச் செய்யவில்லை. கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருந்த 'ஐ5 8ம் தலைமுறை' ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். லேசாக வந்துவிட்டது. அடியில் பழைய ஸ்டிக்கர் இருந்த இடத்தில் சதுரமாகப் பசை, அதில் கறுப்பாக அழுக்கு. பின்பக்கம் திருப்பினால் ஏதோ ஒரு ஆபீஸின் சொத்து எண் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்த தடம்.

அப்புறம் திறந்து பார்த்துச் சொன்னார்: உள்ளே இருப்பது ஐ5-6300யு, ஆறாம் தலைமுறை, இரண்டே கோர், அதாவது கணக்குப் போடும் மூளை இரண்டுதான். 2015ல் வந்த சிப். ரேம் 16 இல்லை, 8. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டினார், புதிதில் கொள்ளும் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இப்போது கொள்கிறது. விண்டோஸ் 11 இன்டெல் சிப்பில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்றோடு ஆதரவை முடித்துக்கொண்டது. அதனால் இந்த மாதிரிப் பழைய மெஷின்களில் விண்டோஸ் செய்யும் சிப் சோதனையைத் தாண்டிப்போகும் குறுக்கு வழியில் 11ஐ ஏற்றி, திருட்டு ஆக்டிவேஷனும் போட்டு, புதுசு மாதிரி விற்கிறார்களாம். "இது 12,000க்கு மேல போகாதுக்கா" என்றார். மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போன் போட்டேன். "அப்டேட் ஓடிட்டு இருக்கும்க்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும்." இரண்டு நாள் கழித்து, "வேற சார்ஜர் போட்டீங்களா? அதான் பேட்டரி போச்சு." தலைமுறை மாறியிருக்கிறதே என்றேன். "ஸ்டிக்கரை நீங்க ஏன் எடுத்தீங்க? ஸ்டிக்கர் போனா வாரண்டி போச்சு." நேரில் கொண்டுபோனேன். டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார், வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். வைத்தால் அதுவும் போய்விடும் என்று திருப்பி எடுத்து வந்தேன். இரண்டாம் முறை போனபோது கார்டின் பின்பக்க எழுத்தைக் காட்டினேன். "அது டெஸ்டிங் வாரண்டிக்கா, ஏழு நாள்தான்." ஒரு வருடம் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்களே தம்பி என்றேன். "பில் இருக்கா?" என்று கேட்டார். பில் வேண்டாம் என்று சொல்ல வைத்த அதே ஆள்.

நெட் கதை இன்னும் மோசம். பணம் கட்டி 11 நாள் யாரும் வரவில்லை. "கம்பத்துல கேபிள் கட்டப் பெர்மிஷன் வரணும்", "உங்க தெருவுல பாக்ஸ் இல்ல", "கேபிள் பையன் கல்யாணத்துக்குப் போயிருக்கான்". பன்னிரண்டாம் நாள் வந்து பழைய மோடம் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வரும் ஒற்றை பேண்ட் மோடம், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதில் வராது. ராத்திரி எட்டு மணிக்கு மகள் வேகம் பார்த்தால் 8 எம்பிபிஎஸ். முன் அறையில் வருகிறது, அடுப்படிக்குப் பக்கத்து அறையில் சுத்தமாக இல்லை. நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தால், பதிவு செய்த போன் எண்ணிலிருந்து பேசுங்கள் என்கிறது. பதிவாகியிருப்பது என் எண் இல்லை, கேபிள்காரர் எண். என் வீட்டு நெட்டைப் பற்றி நானே புகார் கொடுக்க முடியாது!

சண்டை போட்டு அவர் போனிலேயே ஆப்பைத் திறந்து பார்த்தோம். எங்களுக்குப் போட்டிருப்பது மாசம் 399 ரூபாய், 40 எம்பிபிஎஸ் திட்டம். ஜிஎஸ்டி சேர்த்தால் 471. ஆறு மாசத்துக்குக் கணக்குப் போட்டாலும் 2,825 ரூபாய்தான். மீதி 4,175 எங்கே என்றால், "அதை மதுரைக் கடையில கேளுங்க, எங்கிட்ட வந்ததே அவ்வளவுதான்." மதுரையில் கேட்டால், "கேபிள்காரர்ட்ட கேளுங்க." மோடமும் எனக்குச் சொந்தம் இல்லையாம், இணைப்பை நிறுத்தினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். தெருவில் ஒரு வக்கீல் அண்ணன் இருக்கிறார், அவர் சொல்லித்தான் சில விஷயம் தெரிந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். ஆனால் என் கையில் இருப்பது 10,000 ரூபாய்க்கான ஜிபே ஸ்கிரீன்ஷாட், அதுவும் யாரோ ஒரு பெண் பெயரில், அப்புறம் அந்த விசிட்டிங் கார்டு. கொடுத்ததோ 26,500.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். மேஜையில் பார்த்த மெஷினையே கேளுங்கள், பெட்டியில் வந்தால் கடையிலேயே பிரித்து 'அபவுட்' பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். ஐ5 என்பது மட்டும் ஒன்றுமில்லை, கோடுக்கு அப்புறம் வரும் எண் 6ல் ஆரம்பித்தால் ஆறாம் தலைமுறை, 8 என்றால் எட்டு. ஸ்டிக்கரை நம்பாதீர்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். கடைப் பெயர் வராத ஜிபேக்குப் பணம் போடாதீர்கள். நெட்டுக்கு ஒரு மாசம் மட்டும் கட்டுங்கள், உங்கள் எண்ணில்தான் பதிய வேண்டும் என்று நின்றுகொள்ளுங்கள். மோடம் டூயல் பேண்டா, அதாவது 5 கிகாஹெர்ட்ஸும் வருமா என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

மகள் இப்போது காலேஜ் லேபில் ஆறு மணி வரை இருந்து புரோகிராம் எழுதிவிட்டு வருகிறாள். லேப்டாப் பீரோ மேல் இருக்கிறது. திங்கட்கிழமை வக்கீல் அண்ணனோடு ஆணையத்துக்குப் போகிறேன். ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், கார்டின் இரண்டு பக்கத்தையும்.