கலர் கண்ணே சரியில்லாதவன் எழுதுத பெயிண்ட் கடை ரிவ்யூ

மொதல்லயே சொல்லிருதேன், எனக்கு செவப்பு பச்சை சரியா பிரிக்க வராது. பத்து பன்னெண்டு வருசம் முன்னால ரயில்வேல லோகோ பைலட் பரீட்சை எல்லாம் பாஸாகி, மெடிக்கல்ல அந்தப் புள்ளி புள்ளியா இருக்க இஷிஹாரா புக்க விரிச்சு என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்டப்போ "இதுல எங்க சார் நம்பர் இருக்கு"ன்னு திருப்பிக் கேட்டு வெளிய வந்தவன் நான். அம்மைகூடப் பொறந்த மாமாவுக்கும் இதே கததான், அம்மை வழியா எறங்குற சமாச்சாரம். ஐரோப்பா பக்கம் எடுத்த கணக்குல ஆம்பளைங்க 100 பேர்ல 8 பேருக்கு இருக்குங்காங்க. இவன் என்னத்த பெயிண்ட் கடைக்கு ரிவ்யூ போடுதான்னு சிரிக்கவங்க சிரிச்சுக்கோங்க, ஆனா இந்தக் கடைக்கு நாங்க போனதே என் கண்ணாலதான்.

கத என்னன்னா திருநெல்வேலி பேட்டையில பழைய வீடு ஒண்ணு வாங்கி பட்டி எல்லாம் பாத்து பட்டாசலுக்கு (ஹாலுக்கு) வீட்டுக்காரி ஒரு கலர் எடுத்தா, காக்கியும் இல்லாம பச்சையும் இல்லாம பாசிப்பயற ஊறவச்சுத் தோல் கழட்டுன மாதிரி ஒரு கலர், அவளுக்கு அது எளம்பச்சை எனக்கு அது மண்ணு, சரி அது போவட்டும். ரெண்டாவது கோட்டுல ஒரு செவுரு பாதியில பெயிண்ட் தீந்து போச்சு. பெயிண்டர் வாங்குன கடைக்கு ஓடுனா அந்த கம்பெனி பேஸ் (கலர் சேக்காத வெறும் பெயிண்ட்) ஸ்டாக் இல்ல, வேற கம்பெனி பேஸ்ல அச்சு அசலா அதே கலர் மேட்ச் பண்ணித் தாரோம்னு மெஷின்ல வச்சு ஒரு டின்ன கலக்கிக் குடுத்துட்டாங்க (கடை பேரு வேண்டாம், அதுவும் நம்ம ஊருதான்). அடிச்சு காஞ்சதும் பாக்கேன், ஜன்னல் ஓரம் ஒரு பாய் விரிச்ச அளவுக்கு செவுரு தனியா நிக்கி. வீட்டுக்காரிட்ட சொன்னா "உங்களுக்கு என்ன கோட்டியா, எல்லாம் ஒண்ணாத்தான இருக்கு"ங்கா. பெயிண்டர் என்னைய மேலயும் கீழயும் பாக்காரு. கலர் தெரியாதவன் கலர் சரியில்லங்கான்னு தெரு முழுக்க சிரிப்பு.

மூணாம் நாள் ராத்திரி மாமியார் வந்திருந்தாங்க, பட்டாசல்ல வெள்ளை எல்ஈடி ஃபியூஸ் போயி கெடந்த மஞ்ச பல்ப மாட்டுனோம். மாமியார் காப்பி டம்ளர கீழ வச்சுட்டு "அது என்ன அந்த எடம் மட்டும் செவந்து கெடக்கு"ன்னு கேட்டாங்களே பாக்கணும். எனக்கு அன்னைக்கு வந்த சந்தோசம் வேலை கெடைச்சிருந்தாக்கூட வந்திருக்காது.

அப்புறம்தான் வண்ணார்பேட்டை பக்கம் இருக்க இந்தக் கடைக்குப் போனது. பேரு போட வேண்டாம்னு கடைக்கார அண்ணாச்சி சொல்லிட்டாரு, இப்பவே கூட்டம் தாங்கலையாம். ரெண்டு டின்னோட மூடியையும் கொண்டு போயிருந்தோம், மூடி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்கல்ல, எந்த ஸ்டெயினர் (பேஸ்ல சேக்குற கலர்) எவ்வளவு விழுந்துச்சுன்னு. மனுசன் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாரு, அரை நிமிசம் கூட ஆவல. "தம்பி, இதுல மஞ்ச ஆக்சைடும் கருப்பும் போட்டுப் பச்சைக்கு வந்திருக்கான், அதுல பச்சையே நேரா போட்டு செவப்ப வச்சு அமத்திருக்கான். ஒருத்தன் 500 ரூவாய ஒத்த நோட்டா வச்சிருக்கான், இன்னொருத்தன் அஞ்சு நூறு ரூவா நோட்டா வச்சிருக்கான், தொகை ஒண்ணுதான். டீக்கடையில நீட்டிப் பாரு, அப்ப தெரியும்." இதவிட யாரும் எனக்கு வெளக்கிட முடியாது. ஒரு வெளிச்சத்துல ஒண்ணா தெரியுற ரெண்டு கலர் வேற வெளிச்சத்துல பிரிஞ்சுரும், இதுக்கு மெட்டாமெரிசம்னு பேராம். வெளிச்சத்த மாத்துனா மட்டும் இல்ல, பாக்குற கண்ணு மாறுனாலும் பிரியும், அதான் என் கண்ணுக்குப் பகல்லயே மாட்டிக்கிடுச்சு.

வீட்டுக்கு வந்து உக்காந்து தேடிப் படிச்சேன், சும்மா விடுவனா. இந்த மெஷினுக்கெல்லாம் ஆதாரம் 1931ல சிஐஇ போட்ட ஒரு அளவாம் (வெளிச்சம், கலரு இதுக்கெல்லாம் அளவு வகுக்குற சர்வதேச அமைப்பு அது), இங்கிலாந்துல ரைட்னு ஒருத்தர் 10 பேரையும் கில்டுன்னு ஒருத்தர் 7 பேரையும் உக்கார வச்சு கலர் மேட்ச் பண்ணச் சொல்லி அந்த 17 பேர் கண்ணோட சராசரிய எடுத்துப் போட்டது. இன்னைக்கும் உலகம் பூரா அந்தக் கணக்குதான் அடிப்படையா ஓடுது. மெஷின் ஒண்ணும் பொய் சொல்லல, அந்த 17 பேருக்கு ரெண்டு டின்னும் ஒண்ணாத்தான் தெரியும்னு சொல்லிருக்கு. என்னைய மாதிரி கண்ணு உள்ளவனுங்க காக்கி மாதிரி சில கலர்ல மத்தவங்களுக்குத் தெரியாத வித்தியாசத்தக் கண்டுபிடிப்பாங்கன்னு 2005ல கேம்பிரிட்ஜ்ல ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க. இத பிரிண்ட் போட்டு பிரிட்ஜ்ல ஒட்டிருக்கேன்.

கடைக்கு வருவோம். அண்ணாச்சி ஷேட் கார்ட நம்மகிட்ட அப்படியே நீட்ட மாட்டாரு. பழைய கல்யாணப் பத்திரிகை ஒண்ணோட வெள்ளைப் பக்கத்துல கட்டம் வெட்டி வச்சிருக்காரு, அத கார்டு மேல வச்சு ஒவ்வொரு கலரா காட்டுதாரு. பக்கத்து கலர் கண்ண ஏமாத்திரும்லா, சாம்பல கொண்டு போய் செவப்பு ஓரம் வச்சா லேசா பச்சை அடிக்கும். பிரான்சுல கோபெலின் நெசவுக்கூடத்துல கருப்பு நூல் சரியில்லன்னு புகார் வந்து, அங்க சாயத்துக்குப் பொறுப்பா இருந்த ஷெவ்ருல்ங்குறவரு பாத்தா நூலுல குத்தமே இல்ல, பக்கத்துல ஓடுன கலர்தான் காரணம்னு கண்டுபிடிச்சு 1839ல பொஸ்தகமே போட்டிருக்காரு. அவருக்குத் தெரிஞ்சது நம்ம அண்ணாச்சிக்குப் பத்திரிகை அட்டையில தெரிஞ்சிருக்கு.

அப்புறம் சின்ன டின்ல சாம்பிள் குடுத்து செவுத்துல ரெண்டு எடத்துல ரெண்டு முழத்துக்கு அடிச்சுட்டு காலையில ஒருக்க, மத்தியானம் ஒருக்க, லைட்டு போட்டு ஒருக்க பாத்துட்டு வாங்கன்னு தொரத்திவிடுதாரு, அன்னைக்கே மொத்தமா வாங்குதேன்னு காசோட நின்னாலும் தர மாட்டாரு. கார்டுல தீப்பெட்டி அளவுல சாதுவா இருக்க கலரு நாலு செவுத்துலயும் ஏறுனா அடிக்க வரும்ங்கது ரொம்ப சரி. மொத்தம் எத்தன லிட்டரோ அத ஒரே தடவையில கலக்கி, டின்னையெல்லாம் ஒரு பெரிய வாளியில ஒண்ணா ஊத்திக் கலக்கிட்டு அடிக்கச் சொன்னாரு. இத மட்டும் மொதல்லயே செஞ்சிருந்தா எனக்கு ஒரு செவுரு செலவு மிச்சம்.

நடுவுல ஒரு கம்பெனியில இருந்து கலர் கன்சல்டன்ட்னு ஒரு தம்பி வீட்டுக்கு வந்து டேப்லட்ட காட்டி ரூமுக்கு எளரோஸ் அடிச்சா கோவம் கொறையும் மேடம்னு வீட்டுக்காரிட்ட சொல்லிட்டுப் போயிருந்தான். அண்ணாச்சிகிட்ட கேட்டா சிரிக்காரு. "அப்படின்னா நான் வீட்டுக்கு வெளிய கூட ரோஸ்தான் அடிச்சிருப்பேன்." 1979ல அமெரிக்காவுல சியாட்டில் கடற்படை ஜெயில்ல ரோஸ் அடிச்சுப் பாத்து கைதிங்க அடங்குனாங்கன்னாங்க, பின்னால ஒழுங்கா சோதிச்சுப் பாத்தப்போ அப்படி ஒண்ணும் நிக்கல. அந்த ரூமுக்கு நாங்க வெள்ளைதான் அடிச்சோம். அதுலயும் லேசா நீலம் சேத்த வெள்ளை, எங்க ஆச்சி சுண்ணாம்புல நீலம் முடிஞ்சு போடுவால்ல அதே வேலைதான், சுண்ணாம்போட மஞ்ச வாடைய நீலம் கொன்னுரும், கொஞ்சம் மங்குனாலும் கண்ணுக்கு வெளேர்னு இருக்கும்.

கொறைன்னு பாத்தா, கடைப் பையன் ஒருத்தன் இருக்கான், ஸ்கேனர் மெஷின்ன சாமி மாதிரி நம்புதான். பத்தமடை பாயோட பச்சைய ஜன்னலுக்கு அடிக்கலாம்னு பாயக் கொண்டு போனோம், அவன் மெஷின்ன வச்சு அமுக்குனா ஏதோ சேறு கலர் வருது, பச்சைக் கோரையும் செவப்புக் கோரையும் அந்த ஓட்டைக்குள்ள சேந்து விழுந்தா பெறகு என்ன வரும், அவனோ மெஷின் தப்பா காட்டாதுன்னு நிக்கான். அண்ணாச்சி வந்துதான் ஒரு கோரைய உருவி வாசல் வெயில்ல வச்சு கார்டோட பாத்துக் குடுத்தாரு. கரண்ட் போனா டின்டிங் மெஷின் நின்னுரும், ஒரு மணி நேரம் போர்டப் பாத்துட்டு இருக்கணும். வண்டி நிறுத்த எடமே கெடையாது. வெலையும் டவுன்ல இருக்க பெரிய கடைகளவிட கொஞ்சம் கூடத்தான், பேரம் பேசுனா மொகம் சுருங்குது.

5க்கு 4 குடுக்கேன். சனி ஞாயிறு போவாதீங்க, பெயிண்டருங்க வாளியோட வரிசையில நிப்பாங்க, அண்ணாச்சிகிட்ட பேச்சே நடக்காது. செவ்வாய் புதன் காலையில பதினோரு மணிபோல போனா வாசல்ல நல்ல வெயில் விழும், பத்திரிகை அட்டையோட அவரே வெளிய வந்து நிப்பாரு.