ஆப்பிரிக்கச் சிறப்புப் படைகள் பற்றிய புத்தகங்கள்: கையைக் கடிக்காமல் வாங்கிப் படித்த அனுபவம்

இந்தத் துறையில் விலைக்கும் சரக்குக்கும் சம்பந்தமே கிடையாது. செலூ ஸ்கவுட்ஸ், கூஃபுட், 32வது பட்டாலியன் என்று படைகளின் பெயரைப் போட்டுத் தேடத் தொடங்கும் எவரும் முதலில் மிரள்வது விலையைக் கண்டுதான். தென்னாப்பிரிக்காவின் கலாகோ பதிப்பகம் எண்பதுகளில் வெளியிட்ட கெட்டி அட்டைப் புத்தகம், மேலுறை கிழியாமல் இருந்தால், பல ஆயிரம் ரூபாய். ஆசிரியர் கையெழுத்து இருந்தால் ஐந்திலக்கத்தில் கேட்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆசையை அப்படியே மடித்து வைத்துவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடங்களாக, வீட்டுச் செலவில் கை வைக்காமல், இந்தப் புத்தகங்களை வாங்கியும் இரவல் எடுத்தும் இணையத்திலிருந்து இறக்கியும் படித்து வருகிறேன். எது காசுக்குத் தகும், எது தகாது என்பதில் எனக்கு இப்போது தீர்மானமான கருத்து உண்டு.

விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது? பாதிக் காரணம் எளிது. வெளியிட்டவை சிறு பதிப்பகங்கள், அச்சிட்ட பிரதிகள் குறைவு, சில பதிப்பகங்கள் மூடியும்போயின. மீதிப் பாதி அவ்வளவு இனிமையானதல்ல. 1965இல் வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்ட ரொடீசியா, 1980இல் ஜிம்பாப்வே ஆனது. இல்லாமல்போன அந்த நாட்டின் மீது இன்றும் ஏக்கம் கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2015இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றவன் தன் இணையதளத்துக்கு வைத்திருந்த பெயரே ‘கடைசி ரொடீசியன்’. சேகரிப்பாளர்கள் எல்லாரும் அந்த ரகம் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய பிரதிகளின் விலையில் ஒரு பங்கு அந்த ஏக்கத்துக்கான கட்டணம். அதை நாம் ஏன் கட்ட வேண்டும்?

எல்லாரும் முதலில் தேடுவது செலூ ஸ்கவுட்ஸைத்தான். 1973இல் ரொடீசிய ராணுவத்தில் உருவான இந்தப் படையின் வேலையே வேஷம் போடுவது. வெள்ளை அரசை எதிர்த்துப் போராடிய கொரில்லாக்களைப் போல உடுத்தி, அவர்களுடைய ஆயுதத்தையே ஏந்தி, கிராமங்களுக்குள் போய் உண்மையான கொரில்லாக்களைக் காட்டிக்கொடுக்க வைப்பார்கள். பிடிபட்ட கொரில்லாக்களை மனம் மாற்றித் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டைக்காரர் ஒருவரின் பெயர் தாங்கிய படை என்றாலும், வீரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். உத்தி புதியதல்ல, ஐம்பதுகளில் கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷார் கையாண்டதுதான். அதை நடத்தியவர்களில் ஒருவரான ஃபிராங்க் கிட்சன் 1960இலேயே அதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார்.

படைத் தளபதி ரான் ரீட்-டேலி சொல்ல, பீட்டர் ஸ்டிஃப் எழுதி 1982இல் வந்த ‘டாப் சீக்ரெட் வார்’ தான் சந்தையில் கொழுத்த விலைக்குப் போகும் புத்தகம். தொண்ணூறுகளின் இறுதியில் ரீட்-டேலி தன் பெயரில் ‘பம்வே செட்டே’ என்று மறுபடியும் எழுதினார். இரண்டும் பெரும்பகுதி ஒரே கதைதான். இரண்டையும் வாங்குவது வீண். எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கினால் போதும். கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன்.

1976 ஆகஸ்ட் 9. மொசாம்பிக்கின் நியாட்சோன்யா முகாம். செலூ ஸ்கவுட்ஸ் வீரர்கள் மொசாம்பிக் அரசின் ஃப்ரெலிமோ படையினரைப் போல உடுத்தி, வண்டிகளையும் அதேபோல மாற்றி, முகாமுக்குள்ளேயே ஓட்டிச் சென்று சுட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்ததாக மறுதரப்பு சொல்கிறது. தளபதியின் விவரிப்பில் இது கொரில்லாக்களின் பெரும் முகாம் மீது நடந்த துணிகரமான தாக்குதல். ஐ.நா. அகதிகள் அமைப்பைப் பொறுத்தவரை அது அகதிகள் முகாம். வண்டி எப்படி வாயிலைக் கடந்தது, யார் முதலில் சுட்டார் என்பதெல்லாம் தளபதியின் பக்கங்களில் விறுவிறுப்பாக இருக்கிறது. செத்தவர்கள் யார் என்ற கேள்விக்கு வரும்போது நடை சட்டென்று வேகமெடுத்து அடுத்த தாக்குதலுக்குப் போய்விடுகிறது. அந்தக் கேள்விக்கான விடையை இலவசமாகவோ அரை விலையிலோ கிடைக்கும் புத்தகங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இலவசம் என்றதும் யாரோ தூக்கிப்போட்ட பிடிஎஃப் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ராணுவத்துக்காக ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1991இல் ரொடீசிய அனுபவம் குறித்து ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் தளத்திலேயே முழுதாக இறக்கிக்கொள்ளலாம். நடை வறட்சி, உணர்ச்சி பூஜ்யம். ஆனால் கண்ணிவெடிக்கு எதிராக வண்டிகளை எப்படி மாற்றியமைத்தார்கள், உளவுத்துறைகளுக்குள் என்ன பூசல், கிராம மக்களை வேலியிட்ட ஊர்களில் அடைத்தது ஏன் பலிக்கவில்லை என்பதெல்லாம் வரிசையாக இருக்கிறது. இந்தத் துறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதுதான் என்பேன்.

இதைவிடக் கனமானது, நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை. 1998இல் ஐந்து தொகுதிகளும் 2003இல் மேலும் இரண்டும் வந்தன. இரண்டாம் தொகுதியில், நாட்டுக்கு வெளியே தென்னாப்பிரிக்க அரசு செய்தவை பற்றிய அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நமீபியாவில் தென்னாப்பிரிக்கா நடத்திய போலீஸ் படையான கூஃபுட் பற்றி எந்த சாகச நூலை எடுத்தாலும் பக்கத்தில் இது இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுக் களஞ்சியங்களும், ஸ்டெல்லன்போஷில் இருந்து வரும் ‘ஸயன்டியா மிலிடாரியா’ என்ற ராணுவ ஆய்விதழும் இலவசம்தான். பழைய இதழ்களைத் துழாவினால் ஒரு மழைக்காலம் போய்விடும்.

காசு கொடுத்து வாங்கியதில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது ஹீலியன் பதிப்பகத்தின் ‘ஆஃப்ரிக்கா அட் வார்’ வரிசை. பெரிய அளவில், ஒல்லியாக, ஒரு போர் அல்லது ஒரு படைக்கு ஒரு நூல் என்ற கணக்கில் வருபவை. செலூ ஸ்கவுட்ஸுக்கு ஒன்று உண்டு. அங்கோலாவில் போர்ச்சுக்கீசிய ரகசிய போலீஸ் சான் பழங்குடியினரைச் சேர்த்து உருவாக்கிய ஃப்ளேச்சாஸ் படைக்கும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இப்படை பற்றி வேறு எங்கும் இவ்வளவு ஒரே இடத்தில் நான் பார்க்கவில்லை. மின்நூலாக, தள்ளுபடி நேரத்தில், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது.

மின்நூலில் ஒரு சங்கடம் உண்டு. இவ்வரிசையின் உயிரே வரைபடங்களும் வண்ணப் பக்கங்களும்தான். கறுப்பு வெள்ளைக் கிண்டிலில் எல்லைக் கோடும் ஆறும் சாலையும் ஒரே சாம்பல் நிறம். இரண்டு பக்கத்துக்கு விரியும் படம் நடுவில் அறுந்து, இடது பாதி ஒரு திரையிலும் வலது பாதி அடுத்த திரையிலும் வருகிறது. எழுத்தைக் கிண்டிலிலும் படத்தை டேப்லெட்டிலும் பார்ப்பது என்று பழகிக்கொண்டேன். ஒரே கணக்கில் இரண்டிலும் திறக்கும் என்பதால் கூடுதல் செலவில்லை.

இதைவிட மலிவாக, ஆஸ்ப்ரே வெளியிட்ட ‘மாடர்ன் ஆஃப்ரிக்கன் வார்ஸ்’ வரிசையின் முதல் மூன்று ஒல்லி நூல்கள் உண்டு. ரொடீசியா 1986இல், போர்ச்சுக்கீசியக் காலனிகள் 1988இல், தென்மேற்கு ஆப்பிரிக்கா (இன்றைய நமீபியா) 1991இல். சீருடையும் சின்னமும் பிடித்தவர்களுக்கு விருந்து. மற்றவர்கள் ஒருமுறை புரட்டினால் போதும்.

அச்சுப் பிரதி வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது இப்போது முன்போல் இல்லை. உலகம் முழுக்க அஞ்சல் செலவில்லாமல் அனுப்பிய புக் டெபாசிட்டரி 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. என் அலமாரியில் பாதி அங்கிருந்து வந்தது. அட்டை உறையில், கூடவே ஒரு புத்தகக் குறியோடு, அஞ்சல்காரர் கொண்டுவந்து தருவார். அதற்குப் பிறகு புத்தக விலையைவிட அனுப்பும் செலவு கூடுதல் என்ற நிலை. 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்க வரியும் வந்தது. பிரிட்டனிலோ தென்னாப்பிரிக்காவிலோ உறவினரோ நண்பரோ இருந்தால், உள்ளூர் முகவரிக்கு அனுப்பச் சொல்லி, அவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு மூலை கேட்பதுதான் இன்று மலிவான வழி. கெட்டி அட்டையை விட்டுவிட்டு மெல்லட்டைப் பதிப்பைத் தேடுங்கள். பெட்டியின் எடைக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

உள்ளூரில் ‘மறுபதிப்பு’ என்று விற்கப்படுபவற்றில் எச்சரிக்கை தேவை. ஒரு விற்பனையாளரிடம் நமீபியப் போர் பற்றிய நூல் ஒன்றை நம்பிக் கேட்டேன். வந்தது ஒளிநகல். புகைப்படங்கள் மை கொட்டியது போல் கறுத்திருந்தன. வடக்கு நமீபியாவின் ஓவம்போலாந்து வரைபடத்தின் வலது விளிம்பு கத்தரிக்கப்பட்டு, காப்ரிவி நிலத்துண்டே காணாமல்போயிருந்தது. பணம் திரும்பி வரப் பல மின்னஞ்சல்கள் ஆயின. அதிலிருந்து, வாங்கும் முன் உள்பக்கம் ஒன்றின் படத்தைக் கேட்காமல் காசு கட்டுவதில்லை. ஐஎஸ்பிஎன் எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ரொடீசிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர் கிறிஸ் காக்ஸின் ‘ஃபயர்ஃபோர்ஸ்’ போன்ற நூல்கள் பல பதிப்பகங்களிடமிருந்து பல பதிப்புகளாக வந்திருக்கின்றன. பழைய பதிப்புக்குக் கேட்கும் விலையில் கால்வாசிக்குப் புதிய பதிப்பு கிடைக்கலாம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் இரவல் எனக்குப் பெரும் உதவி. ஒரு மணி நேரம் இரவல் எடுத்து, தேவையான அத்தியாயத்தை முடித்துவிடலாம். ஆனால் பதிப்பகங்கள் தொடர்ந்த வழக்கில் 2023இல் எதிராகத் தீர்ப்பு வந்து, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. லட்சக்கணக்கான நூல்கள் இரவலில் இருந்து எடுக்கப்பட்டன. இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்கும் என்று நம்பி ஒத்திப்போடாதீர்கள்.

கூஃபுட் பற்றி இரண்டு நூல்களைச் சொல்வேன். 1979இல் உருவான இப்படையோடு கூடவே சுற்றிக் காயமும் பட்ட அமெரிக்கச் செய்தியாளர் ஜிம் ஹூப்பரின் நூல் 1988இல் வந்தது. கண்ணால் கண்டதை எழுதும் கை அவருக்கு உண்டு. படை மீதான பாசமும் அதே அளவு உண்டு. இன்னொன்று, 2011இல் வந்த ‘ஷேடோஸ் இன் தி சேண்ட்’. எழுதியவர் சிசிங்கி காமோங்கோ, அப்படையில் தடம் பார்த்தவர். கேஸ்பிர் கவச வண்டிகளுக்கு முன்னால் மணலில் ஓடியபடியே காலடித் தடத்தை வைத்து ஆட்களைத் துரத்தியவர்கள் அவரைப் போன்ற கறுப்பின வீரர்கள்தான். படையின் பெரும்பகுதி அவர்களே. ஆனால் அலமாரி நிறைய இருப்பதோ வெள்ளை அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகள். மேலிருந்து பார்த்த கதையும் தரையில் ஓடியவன் கதையும் எவ்வளவு வேறு என்பது காமோங்கோவைப் படித்தால் தெரியும். ஒரே ஒரு நூலுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதையே வாங்குங்கள். படித்த கையோடு ஆணைய அறிக்கையையும் திறங்கள்; கொன்ற தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கப்பட்ட பரிசுப்பணம் பற்றி அதில் இருக்கிறது.

நமக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. 1989இல் நமீபியாவுக்கு வந்த ஐ.நா. படைக்குத் தளபதி இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த். அவர் பொறுப்பில் இருந்தபோதே, ஏப்ரல் 1இல் போர்நிறுத்தம் தொடங்கிய அன்று வடக்கு எல்லையில் சண்டை மூண்டது. கூஃபுட்டையும் தென்னாப்பிரிக்கப் படைகளையும் மறுபடி வெளியே விட்டார்கள். நமீபிய விடுதலைக்காகப் போராடிய ஸ்வாப்போ இயக்கத்தின் போராளிகள் சில நாட்களில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அந்த நாட்களை ஐ.நா. தரப்பிலிருந்து எழுதிய மலிவான நல்ல நூல் ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

32வது பட்டாலியனுக்கு வந்தால், அதை 1975இல் உருவாக்கிய யான் பிரைட்டன்பாக் எழுதியவற்றை ஒதுக்க முடியாது. அங்கோலாவில் தோற்றுச் சிதறிய எஃப்என்எல்ஏ இயக்கப் போராளிகளைத் திரட்டி, தென்னாப்பிரிக்காவுக்காகச் சண்டையிட வைத்தவர் அவர். எழுத்தில் கோபம் இருக்கிறது. தன் மேலதிகாரிகள் மீதும் பாய்கிறார். அவர் படையைக் கட்டிய அதே 1975இல் அவருடைய தம்பி, கவிஞர் பிரேட்டன் பிரைட்டன்பாக், நிறவெறி அரசை எதிர்த்ததற்காகச் சிறைக்குப் போனார். தம்பியின் சிறை அனுபவ நூல் பழைய புத்தகச் சந்தையில் அண்ணன் நூலைவிட மிக மலிவு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். ஒரே வீட்டில் இரண்டு தென்னாப்பிரிக்கா.

1993இல் படை கலைக்கப்படும் முன்பே அந்த அங்கோலா வீரர்களையும் குடும்பங்களையும் பாம்ஃப்ரெட் என்ற, கல்நார்ச் சுரங்கம் இருந்த பாலைவன ஊரில் குடியமர்த்தியிருந்தார்கள். படை கலைந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குத் தளபதிகளின் நினைவுக் குறிப்புகள் உதவாது. லெனார்ட் பொலிகரின் ‘அபார்ட்ஹைட்ஸ் பிளாக் சோல்ஜர்ஸ்’ (2021) கறுப்பின வீரர்களிடமே பேசி எழுதப்பட்டது. ரொடீசியப் பக்கத்துக்கு அதே ஆண்டு வந்த லூயிஸ் வைட்டின் ‘ஃபைட்டிங் அண்ட் ரைட்டிங்’, இந்த நினைவுக் குறிப்புகள் எப்படி எழுதப்பட்டு, திருத்தப்பட்டு, மறுபடி விற்கப்படுகின்றன என்பதையே ஆராய்கிறது. பல்கலைக்கழக வெளியீடுகள் என்பதால் மெல்லட்டையிலும் விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் கையெழுத்திட்ட ஒரு ‘டாப் சீக்ரெட் வார்’ பிரதிக்குக் கேட்கும் தொகையில் இவை இரண்டையும், காமோங்கோவையும், ‘ஆஃப்ரிக்கா அட் வார்’ மின்நூல்கள் சிலவற்றையும் வாங்கிவிடலாம்.

பியட் நோர்ட்யே 32வது பட்டாலியன் பற்றி எழுதிய இரண்டு தொகுதி நூல் மட்டும் இன்னும் என் கைக்கு வரவில்லை. கனமான நூல், அஞ்சல் செலவே பயமுறுத்துகிறது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து யாராவது வரும்வரை அது விருப்பப் பட்டியலிலேயே இருக்கும்.