பனிநாட்டு மால்களின் பசுமைப் புதுப்பிப்பு: பல குளிர்காலம் ஓட்டிப் பார்த்ததில்

பின்லாந்தில் ஒரு பழைய மால் புதுப்பிக்கப்பட்டால், முதலில் படம் பிடிக்கப்படுவது கூரைமேல் இருக்கும் சோலார் பலகைகள்தான். ஆனால் செலவு குறைவதும் குறையாததும் வாசல் கதவிலும் காற்றோட்டக் கட்டுப்பாட்டிலும்தான் தீர்மானமாகிறது. பணம் அங்கே முதலில் போகவேண்டும்.

வாசலில் இரட்டைக் கதவு போட்டு நடுவே இடைக்கூடம் விடுவார்கள். முதல் கதவு மூடி முடிக்க ஐந்து விநாடி ஆகும் என்று வையுங்கள். அதற்குள் ஆள் ஆறு மீட்டர் நடந்துவிடுவார். இடைக்கூடம் அதைவிடக் குட்டை என்றால் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்து நிற்கும். உள்ளே மூன்று மாடி உயர நடுமுற்றம் இருந்தால் இன்னும் மோசம்: சூடான காற்று மேலே ஏற ஏற, கீழ்வாசல் மைனஸ் 15 டிகிரிக் காற்றை உள்ளே இழுக்கும். இன்னொரு தொல்லை சரளை. நடைபாதை வழுக்காமல் இருக்க இறைக்கும் பொடிக்கற்கள் பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து கதவின் கீழ்த்தடத்தில் விழுகின்றன. ஒரு கல் போதும், கதவு இரண்டு விரற்கடை திறந்தபடியே நிற்கும். பனிக்காலம் முழுவதும் அந்தத் தடத்தைத் தினம் இருமுறை வாக்யூம் பிடித்தே ஆகவேண்டும்.

அடுத்தது, ஒரே சமயத்தில் சூடாக்கியும் குளிரவைத்தும் தீர்க்கும் வீண்செலவு. உட்புறக் கடைகளுக்கு விளக்கும் கூட்டமும் தரும் வெப்பமே மிகுதி. ஜனவரியிலும் குளிர்விப்பு கேட்பார்கள். பக்கத்து நடைகூடமோ வெப்பம் கேட்கும். நடுவில் கதவு கிடையாது. இரண்டு இயந்திரமும் தத்தம் கணக்கில் சரியாகவே ஓடுவதால் எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. நடைகூடத்தில் சூடாக்குவது 20 டிகிரியோடு நின்றுவிடட்டும், கடையில் குளிர்விப்பு 23-இல் தொடங்கட்டும். இந்த மூன்று டிகிரி இடைவெளியை விட்டுக்கொடுக்கக் கூடாது. அப்படியும் செலவு குறையவில்லை என்றால் வெந்நீர்க் குழாயின் வால்வைச் சோதியுங்கள்: முழுக்க மூடச் சொல்லிவிட்டு, அரைமணி கழித்து அதைத் தாண்டிய குழாயைத் தொட்டால் இன்னும் சுடுகிறதா? வால்வு கசிகிறது.

காற்றோட்ட விசிறிகளின் வேகத்தை முடிவு செய்யும் கரியமில வாயு சென்சாரை விடியற்காலை ஐந்து மணிக்குப் பாருங்கள். ஆளில்லாத கட்டடம் வெளிக்காற்றின் அளவுக்கு, ஏறக்குறைய 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 420 பங்கு), இறங்கியிருக்க வேண்டும். 600 காட்டினால் சென்சார் விலகிவிட்டது. விசிறிகள் நாள் முழுவதும் வீணாகச் சுற்றுகின்றன.

சோலார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பர் பிற்பாதியில் ஆறு மணி நேரம்கூட வெயில் இல்லை, பலகைமேல் பனி வேறு. ஏப்ரல், மே மாதங்களில் குளிர்ந்த பலகை நன்றாகவே விளைச்சல் தரும். பலகைகள் காற்றில் நகராமல் பிடிக்கும் பாரக்கற்களோடு பனிச்சுமையும் சேர்வதைக் கூரை தாங்குமா என்பதை வாங்கும் முன் கணக்கிடுங்கள்.

பேட்டரியின் நிஜப் பயன் வேறு. ஹெல்சிங்கியை அடுத்த எஸ்போ நகரில் 2003-இல் திறந்த செல்லோ மாலில், பின்னாளில் சீமென்ஸ் நிறுவனம் சுமார் 2 மெகாவாட் பேட்டரியைப் பொருத்தியது. மின்வலையின் அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து பிசகும்போது, பேட்டரி மின்சாரத்தைக் கொடுத்தோ வாங்கியோ சமன் செய்கிறது. அந்தச் சேவைக்குத் தேசிய மின்வலை நிறுவனமான ஃபின்கிரிட்டின் சந்தையில் பணம் கிடைக்கிறது. விசிறி வேகத்தைச் சில நிமிடம் தாழ்த்துவதும் இதில் சேரும். கடைக்குள் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

அதே நகரில் 2022-இல், பழைய கட்டடத்தை இடித்த இடத்தில் லிப்புலைவா மால் திறந்தது. அதற்குக் கீழே 171 ஆழ்துளைகள், ஒவ்வொன்றும் 300 மீட்டருக்கு மேல். கோடையில் கடைகளிலிருந்து எடுத்த வெப்பம் பாறைக்குள் போகிறது, குளிரில் திரும்பி வருகிறது. இந்த முறையில் கூர்ந்து பார்க்கவேண்டியது ஆண்டுக் கணக்குதான். எடுத்ததைவிடக் குறைவாகத் திருப்பி வைத்தால் பாறை ஆண்டுக்காண்டு குளிர்ந்துகொண்டே போகும், பாறையின் வெப்பத்தைக் கட்டடத்துக்கு ஏற்றித் தரும் வெப்பப் பம்பு கூடுதல் மின்சாரம் தின்னும். மேலே கட்டடம் நிற்கையில் புதிதாகத் துளை போட இடமும் கிடைக்காது. துளைகளிலிருந்து திரும்பும் நீர்மத்தின் வெப்பநிலையை ஒவ்வொரு மார்ச் இறுதியிலும் குறித்து, முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்த மால்கூட, கடை கைமாறும்போது கெடுகிறது. புதுக் கடைக்காரர் சுவரை நகர்த்துவார், சென்சார் பொய்க்கூரைக்கு மேலே மாட்டிக்கொள்ளும். ஆகவே வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: உள்வேலை முடிந்ததும் சென்சார் இருப்பிடமும் காற்றளவும் மீண்டும் சரிபார்க்கப்பட்ட பிறகே கடை திறக்கலாம், அந்தச் செலவு கடைக்காரருடையது.