மைனாவா, கும்கியா?

இரண்டுமே பிரபு சாலமன் இயக்கிய படங்கள், இரண்டுக்கும் இசை இமான், ஒளிப்பதிவு சுகுமார். காடும் காதலும்தான் இரண்டிலும் கதை. ஆனாலும் என் மனசு 2010-ல் வந்த 'மைனா' பக்கம்தான் சாயும்.

போடி பக்கத்துக் குரங்கணி மலையில் எடுத்த படம் அது. தலை தீபாவளிக்கு வீடு போகவேண்டிய சிறை அதிகாரி, தப்பிய கைதி சுருளியைத் தேடி மலையேறுகிறார். திரும்பும் வழியில் பஸ் பள்ளத்தில் தொங்க, உள்ளே சிக்கியவரைக் காப்பாற்றுவது அதே கைதி. கோபம் கரைந்து, பிடிக்க வந்தவரே சுருளி, மைனா காதலுக்குக் காவலாக மாறுவது அந்த மலைப்பாதையில்தான். காட்டை எடுத்துவிட்டால் கதையே இல்லை. இதில் நடித்த தம்பி ராமையாவுக்குத் தேசிய விருது கிடைத்தது நியாயம்தான்.

'கும்கி' (2012) கண்ணுக்கு இன்னும் பெரிய விருந்து. அருவியும் பச்சையும் திரை முழுக்க நிறைகின்றன. ஆனால் என்னை உலுக்கியது பாகன் பொம்மன், அல்லி காதல் இல்லை. மாணிக்கம் யானைமேல் பொம்மன் வைத்த பாசம். முதல்முறை பார்ப்பவர்கள் 'மைனா'விலிருந்து தொடங்குங்கள். யானைப் பிரியர்கள் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.