சியாம் ரீப் போகிறவர்கள் கவனத்துக்கு: ஏரியில் விற்கும் அரிசி மூட்டை

ஆரணியில் எங்கள் அப்பா அரிசி மண்டி வைத்திருந்தார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த நான் கம்போடியாவில், அங்கோர் கோயில்கள் பக்கத்தில் இருக்கும் சியாம் ரீப் வரைக்கும் போய், 25 கிலோ அரிசி மூட்டையை 40 டாலருக்கு வாங்கி ஏமாந்து வந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போகிற நம் ஆட்கள் இப்போது அதிகம் என்பதால் எழுதிவிடுகிறேன்.

அங்கோர் கோயில்களில் எங்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. நம் முகத்தைப் படம் பிடித்து அதிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். அதனால் வெளியே யாராவது தன் சீட்டைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், செல்லாது. பேயோன் கோயிலில் ஒரு பாட்டி கையில் ஊதுவத்தியைத் திணித்து, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டி, ஒரு டாலர் கேட்டார். கொடுத்தோம். நம் ஊர்க் கோயில் வாசலில் நடக்காததா என்ன?

அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்ப வரிசை ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். வாசுகியைப் பிடித்திழுக்கும் தேவர்களையும் அசுரர்களையும் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றுவிட்டோம். மனசு இளகிக் கிடந்த அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் டுக்டுக் ஓட்டுநர், "ஏரியில் மிதக்கும் கிராமம் இருக்கிறது, சூரியன் மறைவதற்குள் போய்விடலாம்" என்றார்.

டோன்லே சாப் சாதாரண ஏரி இல்லை. மழைக்காலத்தில் மீகாங் நதி பெருகும்போது, ஏரியிலிருந்து அதற்குப் போகும் ஆறே திசை மாறிப் பின்னோக்கி ஓடும். ஏரி பல மடங்கு விரியும். அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் வர மனசு வருமா? படகுக்கு ஆளுக்கு 30 டாலர். படகோட்டியோடு ஒரு இளைஞனும் ஏறிக்கொண்டான். நல்ல ஆங்கிலம், நல்ல சிரிப்பு. கொஞ்ச தூரம் போனதும் குரல் தணிந்தது. புயலில் இறந்த மீனவர்கள், அநாதையான பிள்ளைகள், அவர்களுக்கென்று ஒரு மிதக்கும் பள்ளிக்கூடம். அப்புறம் சொன்னான்: "பணமாகக் கொடுக்காதீர்கள், நடுவில் யாராவது எடுத்துக்கொள்வார்கள். அரிசியாகக் கொடுங்கள்."

இந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தோம். பணம் கேட்டிருந்தால் உஷாராகியிருப்பேன்.

படகு ஒரு மிதக்கும் கடையில் நின்றது. அரிசி மூட்டை, நோட்டுப் புத்தகம், நூடுல்ஸ் தவிர வேறு சரக்கு கிடையாது. 50 கிலோ 70 டாலர், 25 கிலோ 40. சின்னதையே வாங்கினேன். ஒரு மூலை கிழிந்து, நீலக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. எங்கள் மண்டியாக இருந்தால் அப்பா அதை வாசலுக்கே கொண்டுவர விட்டிருக்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மூட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படம் எடுத்துக்கொண்டோம், கிளம்பினோம்.

அடுத்து முதலைக் கூண்டு வைத்திருந்த ஒரு மிதவையில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். அப்போது பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து ஒரு சின்னப் படகு கடையை நோக்கிப் போயிற்று. என் மனைவிதான் பார்த்தார். "என்னங்க, அது நம்ம மூட்டை இல்ல?"

அதே நீலக் கயிறு.

இளைஞனைக் கேட்டேன். அது வேறு மூட்டை என்றான். இருட்டிக்கொண்டு வரும்போது நடு ஏரியில் இன்ஜினை நிறுத்திவிட்டு, படகோட்டிக்கும் தனக்கும் ஏதாவது கொடுக்கச் சொன்னான். நீச்சல் தெரியாத இரண்டு பேர் அந்த இடத்தில் என்ன நியாயம் பேச முடியும்? பத்து டாலர் கொடுத்ததும் இன்ஜின் சரியாகிவிட்டது. கரையில் எங்கள் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வண்டியை எடுத்தார். மறுநாள் சந்தையில் அதே மாதிரி அரிசியைக் கிலோ விலை கேட்டேன். நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

அந்த ஏரியில் வறுமை பொய்யில்லை. அங்கே குடியுரிமைத் தாள்கூட இல்லாத வியட்நாமிய மீனவக் குடும்பங்கள் நிறைய. நாம் கொடுப்பது அவர்களைப் போய்ச் சேருவதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். கம்போடிய அநாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று யூனிசெஃப் சொல்லியிருக்கிறது. சுற்றுலாப் பயணி வருகிறான் என்பதற்காகவே பிள்ளைகளைக் காட்சிக்கு வைக்கும் இடங்களும் உண்டு. எனவே அந்த மாதிரிப் பள்ளிக்கூடம், அநாதை இல்லம் பக்கமே போகாதீர்கள். ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கெங்கே நிற்கும் என்பதை முதலிலேயே பேசி, தங்கும் விடுதியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் நிறுத்தினால் படகைவிட்டு இறங்காதீர்கள். வண்டிக்காரருக்கு முழுக் காசையும் முன்னாலேயே கொடுக்க வேண்டாம். கையில் சில்லறை டாலர் இருக்கட்டும், கொஞ்சம் கிழிந்த நோட்டைக்கூட அங்கே வாங்க மாட்டார்கள்.

உண்மையாகவே உதவ நினைத்தால், அங்கோருக்குப் போகும் சாலையிலேயே கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சை இலவசம், வெளிநாட்டவரிடமும் ரத்த தானம் வாங்குகிறார்கள். ஊர் திரும்பும் முன் அங்கே போனோம். என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். மனைவி கொடுத்தார்.