குடிக்கிறவர் கல்லீரலுக்கு எந்த ரத்தப் பரிசோதனை?

அம்பாசமுத்திரத்தில் இருக்கிற என் அத்தானுக்கு 52 வயது, தினமும் குடிப்பவர். லேப் சீட்டில் எஸ்ஜிபிடி 36, எஸ்ஜிஓடி 78 (இரண்டும் கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற நொதிகள்), பிளேட்லெட் 1.3 லட்சம். “எஸ்ஜிபிடி நார்மல்னுதான சொன்னாவ” என்று அக்கா சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

எல்எஃப்டி (இந்த நொதிகளெல்லாம் வருகிற வழக்கமான கல்லீரல் ரத்தப் பரிசோதனை) மட்டும் பார்த்தால் கல்லீரல் இப்போது எவ்வளவு அடிபடுகிறது என்பது தெரியும், உள்ளே தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரியாது. சிரோசிஸ் (தழும்பு முற்றிய கடைசிக் கட்டம்) வந்தவருக்கே எஸ்ஜிபிடி அளவோடு இருக்கலாம். குடியால் கெடும்போது எஸ்ஜிஓடிதான் முந்திக்கொண்டு ஏறும், பெரும்பாலும் இரண்டு மடங்கு. அத்தான் சீட்டிலும் அதேதான்.

அடுத்தது ஃபிப்-4, தழும்பு எவ்வளவு என்று ஊகிக்கிற ஒரு கணக்கு. இதற்குப் புதிதாக ஊசி குத்த வேண்டாம், காசும் வேண்டாம், கையில் இருக்கிற சீட்டே போதும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதை பிளேட்லெட் (1.3 லட்சம் என்றால் 130), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் இரண்டின் பெருக்கலால் வகுக்க வேண்டும். 52 × 78 = 4056; 130 × 6 = 780; வகுத்தால் 5.2. 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு (65 வயது தாண்டியவர்களுக்கு 2), 2.67க்கு மேலே என்றால் கவலைப்பட வேண்டியதுதான். பிளேட்லெட் ஏன் இதில் வருகிறது என்றால், தழும்பு முற்றினால் மண்ணீரல் வீங்கி அந்த அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆனால் ஃபிப்-4இல் ஒரு பெரிய குறை. நேற்றுவரை குடித்தவருக்கு எஸ்ஜிஓடி குடியாலேயே ஏறியிருக்கும், எண் ஊதிக் காட்டும். நம்மூரில் ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு வேறு. பிளேட்லெட் விழுந்து எஸ்ஜிஓடி ஏறிக் கிடக்கிற நேரத்தில் இந்தக் கணக்கைப் போடவே கூடாது. குறைந்த எண் வந்தால் நம்பலாம், கூடுதலாக வந்தால் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

துல்லியம் என்று பார்த்தால் ஈஎல்எஃப் என்கிற ரத்தப் பரிசோதனைதான் மேல். ஹயலூரானிக் அமிலம் உட்பட, தழும்பு உருவாகும்போது ரத்தத்தில் கலக்கிற மூன்று பொருட்களை அது நேரடியாக அளக்கிறது. 2018இல் வெளியான டென்மார்க் ஆய்வில், குடிப்பழக்கமுள்ள 289 பேரின் பயாப்சியோடு (கல்லீரலில் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) ஒப்பிட்டபோது ஈஎல்எஃப், ஃபைப்ரோடெஸ்ட் (ரத்தத்தின் பல அளவுகளைச் சேர்த்துப் போடுகிற இன்னொரு கணக்கு) இரண்டுமே ஃபிப்-4ஐ முந்தின, 10.5க்கு மேலே போனால் முற்றிய தழும்பு என்பது ஈஎல்எஃபின் கோடு. ஃபைப்ரோடெஸ்டில் பிலிருபினும் (மஞ்சள் காமாலையில் ஏறுகிற நிறமி) ஒரு கணக்கு, அதனால் வேறு காரணத்தால் பிலிருபின் ஏறியிருப்பவருக்கு அது தடுமாறும். இரண்டுமே தெருமுனை லேபில் போடுகிற டெஸ்ட் இல்லை, அதுதான் சங்கடம்.

அதனால் என் ஓட்டு முதலில் ஃபிப்-4க்கு, எண் கூடுதலாக வந்தால் ஃபைப்ரோஸ்கேனுக்கு. அது ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் மாதிரி விலாவில் வைத்துக் கல்லீரலின் விறைப்பை அளப்பது. அதிலும் குடித்துக்கொண்டே போனால் அளவு கூடத்தான் காட்டும்.

டாக்டர் மேற்பார்வையில் (தினமும் குடிப்பவர் சட்டென்று தானாக நிறுத்தினால் வலிப்பே வரலாம், தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்) அத்தான் ஐந்து வாரமாகக் குடிக்கவில்லை. மறுபடி எடுத்ததில் எஸ்ஜிஓடி 44, எஸ்ஜிபிடி 25. பிளேட்லெட் மட்டும் அதே 1.3. கணக்குப் போட்டால் 3.5, இன்னும் கோட்டுக்கு மேலேதான். வருகிற செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் பாளையங்கோட்டைக்கு ஸ்கேனுக்குப் போகிறோம், பழைய சீட்டையும் அக்கா பீரோவிலிருந்து எடுத்து வைத்துவிட்டாள்.